டிரஸ்ட்டுக்கு நிதி சேர்க்க உங்கள் கேமரா: போட்டோகிராபர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆடி பிறந்தால் கல்யாண போட்டோகிராபர்களின் போன் அடங்கிவிடும். மார்கழியிலும் அதே கதைதான். ஆல்பம் பாக்கியை வசூலிப்போம், லென்ஸைத் துடைத்து வைப்போம், மிச்ச நாளை ஸ்டூடியோவில் ஈ ஓட்டிக் கழிப்போம். அப்போதுதான் பலருக்கும் "ஏதாவது ஒரு இல்லத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கலாமே" என்று தோன்றும். நல்ல எண்ணம். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வரிசையாக நிற்க வைத்து நூற்றுக்கணக்கில் எடுக்கிறோம். பென்டிரைவில் போட்டுக் கொடுக்கிறோம். அது மேனேஜர் மேசை டிராயரில் கிடக்கிறது. அந்த இல்லத்துக்கு அதனால் ஒரு ரூபாய் வந்திருக்காது.

நான் இதில் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: எடுக்கப்போகும் படம் எந்த வழியில் பணமாக மாறப் போகிறது என்பது கேமராவைப் பையில் வைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டில் ஸ்டூடியோ நடத்துகிறவர்கள், கல்யாணம் காதுகுத்து எடுக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்ட விஷயங்கள் எல்லாம் இந்தியாவுக்கானவை.

படி 1: யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

அமைப்பு எதுவானாலும் அது டிரஸ்ட்டாகவோ, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாகவோ, கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவில் பதிவான நிறுவனமாகவோ இருக்கும். பதிவுச் சான்று, வருமான வரித் துறையின் 12ஏபி (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) சான்றுகள், கடைசி வருடத்து ஆடிட் கணக்கு, தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் அவர்கள் எண். இவற்றைக் கேட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒழுங்கான அமைப்பு அரை மணி நேரத்தில் அனுப்பிவிடும். கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடத்துக்கு வேலை செய்ய வேண்டாம்.

ரொம்பப் பெரிய அமைப்புகளுக்குச் சொந்தமாகப் படக்குழு இருக்கும். அங்கே உங்கள் உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம். ரொம்பச் சின்ன இடங்களில் படத்தை வாங்கி உபயோகிக்க ஆள் இருக்காது. நடுத்தரமான இடம்தான் சரி: கணக்குப் பார்க்க ஒருவர் இருக்கிறார், நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது, ஆனால் செல்போனில் எடுத்த மங்கலான படங்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் சந்திப்பில் கேமரா பற்றிப் பேசாதீர்கள். "போன வருடம் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். மாதாமாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பும் தனிநபர்களா, பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்களா, கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமா? அடுத்த படி அந்தப் பதிலைப் பொறுத்தது.

படி 2: படம் பணமாகும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

வழிகள் பல. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய நினைக்காதீர்கள். ஒன்றை எடுத்து முழுதாகச் செய்யுங்கள்.

*டிரஸ்ட்டின் சொந்த உபயோகத்துக்கான படங்கள்.* கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சிஎஸ்ஆர் பணத்தை நம்பும் அமைப்புக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தைக் கேட்டு வரும் விண்ணப்பங்கள் ஒரு மேலாளரின் மேசையில் குவிந்து கிடக்கும். வகுப்பறை ஓடு உடைந்து வெயில் விழுவதையும், பக்கத்து அறையில் சரிசெய்த கூரையையும் ஒரே கோணத்தில் எடுத்து அருகருகே வைத்தால், நான்கு பக்கக் கட்டுரை சொல்லாததை அந்த இரண்டு படங்கள் சொல்லிவிடும். எனவே விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படியுங்கள். அதில் என்னென்ன பொருளுக்குப் பணம் கேட்டிருக்கிறார்களோ, அவற்றின் பட்டியல்தான் உங்கள் ஷாட் லிஸ்ட். வேலை முடிந்தபின் சில கம்பெனிகள் இடம், தேதி பதிந்த படங்களையும் கேட்கும். அதை டிரஸ்ட் ஆட்கள் செல்போனிலேயே எடுத்துக்கொள்ளட்டும்.

*குடும்பப் படம் எடுக்கும் நாட்கள்.* புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குடும்பங்கள் டிரஸ்ட்டுக்குப் பணம் கட்டும், நீங்கள் ஒரு நல்ல படம் எடுத்து பிரிண்ட் கொடுப்பீர்கள். நம் ஊரில் இதற்கென்றே அமைந்த நாட்கள் நவராத்திரி. வீட்டில் கொலு இருக்கும், பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் இருப்பார்கள், பாட்டி ஊரிலிருந்து வந்திருப்பார். யாரையும் ஜோடித்து நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு 1,500 ரூபாய், ஒரு மாலையில் 5 வீடு என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மாலைக்கு 67,500 ரூபாய். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் முடித்துக்கொண்டால் அலைச்சலும் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். நேராக ஃப்ளாஷ் அடித்தால் பொம்மைகளின் வார்னிஷ் பளிச்சென்று அடித்து, சீரியல் விளக்குகள் செத்துப்போன மாதிரி தெரியும். ட்ரைபாட் போட்டு, ஷட்டரை 1/30-க்கு இறக்குங்கள். அப்போதுதான் சீரியல் விளக்கின் வெளிச்சம் படத்தில் ஏறும். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 அருகில் வையுங்கள். பக்கவாட்டில் ஒரு சாஃப்ட்பாக்ஸை மெதுவாக, முகங்களுக்கு மட்டும் கொடுங்கள். குடும்பத்தைக் கொலுப்படியை ஒட்டி நிறுத்தாமல் இரண்டடி முன்னால் பாயில் உட்கார வையுங்கள். நிழல் பொம்மை மேல் விழாது. பாட்டியை மட்டும் ஸ்டூலில் உட்கார வைக்கலாம், தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார்.

*ஏலம்.* டிரஸ்ட்டின் ஆண்டு விழாவில் உங்கள் ஒரு நாள் வேலையை ஏலம் விடுவது. "ஒரு கல்யாண ஷூட் இலவசம்" என்று அறிவிக்காதீர்கள். கல்யாணம் வைத்திருப்பவர் ஏற்கெனவே ஆள் பேசியிருப்பார். பேசாதவருக்கு இன்னும் தேதி குறித்திருக்காது. சீமந்தம், காதுகுத்து, பெயர் சூட்டல், அறுபதாம் கல்யாணம் போன்றவைதான் ஏலத்தில் நன்றாகப் போகும். கூப்பனில் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டருக்குள், முகூர்த்த நாளில் உண்டா இல்லையா, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், ஆல்பம் உண்டா. ஆல்பத்தைச் சேர்த்தே கொடுங்கள் என்பேன். ஏலத்தில் எடுத்தவரிடம் அப்புறம் ஆல்பத்துக்குத் தனிக்காசு கேட்டால் உங்கள் பெயரோடு டிரஸ்ட்டின் பெயரும் கெடும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ஏலம் விடலாம், காசுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடைசெய்யும் 1979-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. "நல்ல காரியத்துக்குத்தானே" என்பது போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது. வெளிநாட்டு டிரஸ்ட்கள் செய்வதைப் பார்த்துவிட்டு இந்த யோசனையோடு யாராவது ஒருவர் கட்டாயம் வருவார்.

*காலண்டர்.* உழைப்பு அதிகம், பலனும் அதிகம். சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம், அதாவது மாதிரிப் புத்தகம், ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடும். அப்போதிருந்து அச்சகங்களில் ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். ஆகவே ஆனிக்குள் 12 படமும் அட்டைப்படமும் முடிந்து, ஆடியில் ஆர்டர் போய்விட வேண்டும். தீபாவளிக்கு அப்புறம் யோசித்தால் விலையும் ஏறும், கையில் வருவதும் பொங்கலுக்குத்தான். பொங்கலுக்கு வந்த காலண்டரை யார் வாங்குவார்கள்?

அச்சுச் செலவை டிரஸ்ட் தலையில் கட்டாதீர்கள். நம் காலண்டர்களின் அடியில் கடைப் பெயர் போடுவதற்கு ஒரு பட்டை விடுவது வழக்கம் அல்லவா, அதை உள்ளூர் நகைக்கடை, மருந்துக்கடை, பள்ளி யாருக்காவது கொடுத்து அச்சுச் செலவை அவர்களிடம் வாங்குங்கள். விற்கும் ஒவ்வொரு பிரதியின் பணமும் அப்படியே டிரஸ்ட்டுக்குப் போகும். இன்னொன்று: படத்துக்கு இடம் வேண்டும் என்று தேதிக் கட்டத்தைச் சுருக்கிவிடாதீர்கள். ராகு காலம், எமகண்டம், அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள், அரசு விடுமுறை இல்லாத காலண்டரை நம் வீட்டில் யாரும் ஆணியில் மாட்ட மாட்டார்கள். ஏ3 அளவு என்றால் 300 டிபிஐ-க்கு 3508 × 4961 பிக்சல் வேண்டும். க்ராப் செய்ய இடம் விட்டே எடுங்கள். அச்சுக்கு முன் ஒரு ப்ரூஃப் கேட்டு வாங்குங்கள். திரையில் தெரிகிற பளீர்ப் பச்சையும் ஊதாவும் தாளில் அப்படியே வராது.

*கண்காட்சி.* இதைக் கடைசியில் வைக்கிறேன். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி போன்ற இடங்கள் இருக்கின்றன. 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழாவுக்குப் பிறகு, போட்டோவைச் சுவரில் மாட்டிப் பார்ப்பது இங்கே கொஞ்சம் பழகியிருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்குவது வேறு. நம் வீட்டுச் சுவரில் சாமி படம், தாத்தா படம், கல்யாணப் படம் மூன்றும் போக மிச்சம் இடம் இருப்பது அபூர்வம். ஃப்ரேமுக்கும் ஹாலுக்கும் ஆகும் செலவைச் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பணத்தை நேராக டிரஸ்ட்டுக்கே கொடுத்திருக்கலாமோ என்று தோன்றும். உங்களுக்கு ஏற்கெனவே படம் வாங்குகிற ஆட்கள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

படி 3: பணம் உங்கள் கைக்கு வரக் கூடாது

இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. உங்கள் ஜிபே எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள். "அப்புறம் மொத்தமாக மாற்றிவிடுகிறேன்" என்ற பேச்சே வேண்டாம். டிரஸ்ட் வங்கிக் கணக்கின் க்யூஆர் கோடு அச்சிட்டு, லேமினேட் செய்து, படம் எடுக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்கேன் செய்தால் திரையில் டிரஸ்ட் பெயர் வருகிறதா, யாரோ ஒரு நிர்வாகியின் சொந்தப் பெயர் வருகிறதா என்று நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். டிரஸ்ட்டிலிருந்து ஒருவர் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் பக்கம் பணம் கட்டிய டோக்கன் மட்டும் வரட்டும்.

வரிச்சலுகை பற்றி எல்லோரும் கேட்பார்கள். பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் 80ஜி சலுகை. நீங்கள் கொடுக்கும் உழைப்புக்குக் கிடையாது. ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள வேலையை இலவசமாகச் செய்தாலும் அந்த லட்சத்துக்கு டிரஸ்ட் உங்களுக்கு ரசீது தர முடியாது. நன்கொடையாளர் பக்கம் பார்த்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்குத்தான் பொதுவாக இது பயன்படும். பதிலுக்கு ஒரு படமோ காலண்டரோ வாங்கிக்கொண்டு கட்டுகிற பணத்தை நன்கொடையாகக் காட்டலாமா, விற்பனையாகக் காட்ட வேண்டுமா என்பதை அறிவிப்பு வெளியிடும் முன்பே டிரஸ்ட்டின் ஆடிட்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், அதில் இந்தப் பிரிவு எண்கள் வேறு. நோட்டீஸில் எந்த எண்ணைப் போடுவது என்பதையும் ஆடிட்டரே சொல்லட்டும்.

அடுத்தது வெளிநாட்டுச் சொந்தங்கள். ஏலம் என்றதும் டொராண்டோ சித்தப்பாவும் சிங்கப்பூர் அத்தையும் வாட்ஸ்அப்பில் கை தூக்குவார்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, இதில் குறுக்கே வரும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும், இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் ஆகும். அதை வாங்க டிரஸ்ட்டுக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு பெற்ற அமைப்புகூட டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் அதைப் பெற முடியும். சித்தப்பா தங்கமானவர்தான், அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டினுடையது என்று முதலில் கேளுங்கள்.

படி 4: எழுதி வாங்குங்கள்

இலவச வேலைக்கு எதற்கு ஒப்பந்தம் என்று கேட்பார்கள். காசு வாங்கும் வேலையில் தகராறு வந்தால் பில் பேசும். இலவச வேலையில் பேசுவதற்கு ஒரு தாளும் இருக்காது, அதனால்தான் வேண்டும்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதில் சுவாரசியமானது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். இலவசமாக எடுத்தால் அந்த விதி பொருந்தாது; உரிமை உங்களிடமே நிற்கும். ஆகவே டிரஸ்ட்டுக்கு நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்தால்தான் அவர்கள் நிம்மதியாகப் பயன்படுத்த முடியும். அனுமதியில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்; எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இணையதளத்தில் போடப்போகிறார்கள் என்றால் "உலகம் முழுவதும்" என்று எழுதியாக வேண்டும். கீழே இருப்பதை எடுத்து உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்தப் படங்களின் பதிப்புரிமை போட்டோகிராபரிடமே இருக்கும். அறக்கட்டளை தன் ஆண்டறிக்கை, இணையதளம், சமூக ஊடகப் பக்கங்கள், நிதி விண்ணப்பங்கள், நன்கொடையாளர் கடிதங்கள் ஆகியவற்றில் உலகம் முழுவதும் மூன்று ஆண்டுகளுக்குக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வேறு நிறுவனத்தின் விளம்பரத்துக்குக் கொடுக்கக் கூடாது. பயன்படுத்தும் இடத்தில் போட்டோகிராபர் பெயர் இடம்பெற வேண்டும். படத்தில் இருப்பவர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் இரு தரப்பும் அந்தப் படத்தை நீக்க வேண்டும்."

விளம்பரம் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பணம் கொடுத்த கம்பெனி, அந்தப் படத்தைத் தன் செய்தித்தாள் விளம்பரத்தில் போடக் கேட்கும். டிரஸ்ட் நிர்வாகியால் மறுக்க முடியாது. உங்கள் ஒப்பந்தத்தைக் காட்டி மறுப்பது அவருக்குச் சுலபம்.

போக்குவரத்து, பிரிண்ட், உதவியாளர் சம்பளம் யார் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். என் கருத்தில் உங்கள் உழைப்பு இலவசம், உதவியாளர் உழைப்பு இலவசம் இல்லை. லைட் தூக்குகிற தம்பியிடம் "புண்ணியம்டா" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

படி 5: யாரை எடுக்கலாம், யாரை எடுக்கவே கூடாது

குழந்தைகள் இல்லம் என்றால் முதலில் தெரிய வேண்டியது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் தெரியும்படி பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறந்தநாளுக்குப் பிரியாணி போட்டுவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி செல்ஃபி எடுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவது தீர்வு இல்லை. அந்தப் பிள்ளையின் தெருவில் இருப்பவருக்கு மூக்கும் வாயும் சட்டையும் போதும்.

முகமே இல்லாமல் எடுப்பதுதான் வழி. அது குறை இல்லை, சவால். வாசலில் அளவு வாரியாகக் கிடக்கும் செருப்புகள், இங்க் கறை படிந்த விரல்கள் எழுதும் நோட்டு, கொடியில் காயும் ஒரே நிறச் சீருடைகள், கேரம் போர்டைச் சுற்றிய கைகள். மேலே இருந்து எடுத்த அந்தக் கேரம் போர்டை அட்டையில் போடுங்கள், யாரும் முகத்தைத் தேட மாட்டார்கள்.

மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குக் கொடுக்க 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதிக்கிறது. எச்ஐவி உள்ளவர்களின் நிலையை வெளிப்படுத்துவதற்கு எதிராக அதே 2017-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கும் இடத்தில் முகம் மட்டுமல்ல, வாசல், எதிர்க்கடைப் பலகை, ஜன்னலில் தெரியும் கோயில் கோபுரம் எதுவும் வரக் கூடாது. கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டுப் போங்கள்.

மற்ற இடங்களில் ஒப்புதல் படிவம் போதும் என்று நினைப்பார்கள். இல்லத்தில் தங்கியிருக்கும் ஒரு பெரியவரிடம் மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போது "படம் எடுக்கலாமா தாத்தா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? மறுத்தால் இங்கே நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்ற பயத்தில் தலையாட்டுவார். மேனேஜர் இல்லாதபோது கேளுங்கள். படிவத்தைத் தமிழில் வைத்து, வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்பதை ஒரு பழைய ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். எடுத்தபின் படத்தைக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது முறை வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர் கண் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

படி 6: படம் எடுக்கும் நாள்

பிரேசில் போட்டோகிராபர் செபாஸ்தியாவோ சல்காடோ 1984-85-இல் ஆப்பிரிக்காவின் சகேல் பகுதிப் பஞ்சத்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து படமெடுத்தார். துன்பத்தை இத்தனை அழகாகக் காட்டலாமா என்று பிற்காலத்தில் அவரைப் பலர் விமர்சித்தார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் அந்தப் பாணியை மட்டும் கடன் வாங்கிவிட்டோம்: கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த முகம், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கலங்கிய கண். போட்டிக்கு அனுப்ப நன்றாக இருக்கும். ஆனால் அந்த அம்மாவின் பேத்தி நாளைக்கு அதைப் பார்ப்பாளே.

முதியோர் இல்லத்தில் ஒரு அம்மாவை உட்கார வைத்து உடனே கிளிக் செய்யாதீர்கள். "கொஞ்சம் இரு தம்பி" என்பார். உள்ளே போய்த் தலையை வாரி, நல்ல சேலையாக மாற்றி, திருநீறு பூசி வருவார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், "கண்ணாடி போட்டா வயசாத் தெரியும்". இருக்கட்டும். ஜன்னல் பக்கமாக உட்கார வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். முதல் சில படங்கள் ரேஷன் கார்டு படம் மாதிரி விறைப்பாகத்தான் வரும். கேமராவை இறக்கிவிட்டுச் சொந்த ஊர் எது, அங்கே எந்தச் சாமிக்குத் திருவிழா என்று கேளுங்கள். பேச்சு ஓடும்போது எடுத்தால் அவர் உங்களைப் பார்ப்பார், லென்ஸைப் பார்க்க மாட்டார். போகும்போது ஒரு மேக்ஸி பிரிண்ட் அவர் கையில் கொடுக்கும்படி ஒரு சின்ன பிரிண்டரைக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. டிரஸ்ட்டுக்குக் கிடைப்பது ஒருபுறம் இருக்கட்டும், உட்கார்ந்தவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

மனிதர்களை எடுக்கத் தயக்கமாக இருந்தால் விலங்குக் காப்பகத்தில் ஆரம்பியுங்கள். சென்னையில் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் உட்பட, தமிழ்நாட்டில் பல ஊர்களில் இப்படிப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. கறுப்பு நிற நாட்டு நாய்தான் இங்கே கடினமான வாடிக்கையாளர். செல்போன் படத்தில் அது இரண்டு கண் உள்ள கரிக்கட்டை. தத்தெடுக்க வருகிறவர் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடுவார். வெயிலில் எடுக்காதீர்கள். கொட்டகையின் விளிம்பில், நிழலுக்குள் உட்கார வைத்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும், முடியின் மினுமினுப்பும் தெரியும். பின்னணி வெளிறிய சுவராக இருக்கட்டும். நீங்கள் தரையில் படுத்து, அதன் கண் மட்டத்துக்கு வாருங்கள். பராமரிப்பவர் உங்கள் தலைக்கு மேலே ஒரு பிஸ்கட்டைப் பிடித்தால் காது இரண்டும் தூக்கி நிற்கும். அந்த அரை நொடிதான் உங்களுக்கு.

படி 7: தேர்வும் ஒப்படைப்பும்

எண்ணூறு படத்தைக் கொடுத்தால் அவர்கள் ஒன்றையும் பயன்படுத்த மாட்டார்கள். 25 போதும். தேர்வு உங்கள் வேலை, அவர்கள் தலையில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு அளவில் கொடுங்கள்: அச்சுக்கு முழு அளவு, இணையத்துக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் போட்டு லிங்க் கொடுங்கள். கோப்புப் பெயர் கேமரா கொடுத்த எண்ணாக இல்லாமல் "2025-வகுப்பறை-கூரை-முன்" என்ற மாதிரி இருந்தால், மூன்று மாதம் கழித்துத் தேடும் அலுவலர் உங்களை வாழ்த்துவார். இரண்டு வரி விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கோப்போடு சேருங்கள்; சிஎஸ்ஆர் விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும்.

ஒப்படைக்கும் தேதியைக் காசு வாங்கிய வேலை மாதிரி காப்பாற்றுங்கள். இலவசம்தானே என்று கல்யாண ஆல்பங்களுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால், அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடும்.

படி 8: அதற்குப் பிறகு

மூன்று மாதம் கழித்து போன் செய்து எந்தப் படம் எங்கே போனது, அதனால் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை என்ன எடுப்பது என்பதை அந்தக் குறிப்பு சொல்லும். கணக்கைச் சொல்ல மழுப்புகிறார்கள் என்றால் அடுத்த வருடம் வேறு இடம்.

ஒன்று செய்தது வெளியே தெரிந்ததும் பத்து இடத்திலிருந்து அழைப்பு வரும். பள்ளி ஆண்டு விழா, கட்சிக்காரர் நடத்தும் கண் சிகிச்சை முகாம், எல்லாமே "சேவை" என்ற பெயரில் வரும். வருடத்துக்கு இரண்டு அமைப்பு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் உங்கள் வழக்கமான ரேட்டைச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோருக்கும் இலவசமாக எடுத்தால், அதே ஊரில் அந்த முகாமைக் காசுக்கு எடுத்துப் பிழைக்கிற இன்னொரு போட்டோகிராபரின் பிழைப்பில்தான் கை வைக்கிறீர்கள்.

ஒப்புதல் படிவங்களைத் தூக்கிப் போடாதீர்கள். படிவத்தின் எண்ணையே படக் கோப்பின் பெயரிலும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று வந்து நின்றால், உங்கள் இன்ஸ்டாகிராம், டிரஸ்ட்டின் இணையதளம், அடுத்த காலண்டருக்கு அச்சகத்தில் கிடக்கும் கோப்பு மூன்றிலும் எந்தப் படம் என்று தேடிப் பிடிக்க அந்த எண் போதும். ஏன் என்று அவரிடம் கேட்க வேண்டாம்.